பீச்சாங்கைக்கு இன்ஜின்

ஜாலஹள்ளியில் ஒரு மூன்றாவது மாடி.
சச்சின் ஹெப்பார் கதவைப் பாதி திறந்து
"மெதுவா, பாப்பா தூங்குது" என்றான்.
குக்கர் வந்த அட்டைப்பெட்டியில்
ஜாய்ஸ்டிக்கும் த்ராட்டிலும்
தலைமாற்றிப் படுத்திருந்தன.
ஏழாயிரம் சொன்னான், ஆறுக்கு இறங்கினான்.
பணம் எண்ணிய பிறகு
ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து மூடினான்.

முருகேஷ்பாளையா வரை
ஸ்கூட்டரில் என் கால்களுக்கு நடுவே வந்தது அது.

இருபது வருடம் மவுஸ் பிடித்த கை,
விரல்நுனியால் உலகத்தை நகர்த்திப் பழகியது.
இப்போது முஷ்டி நிறையப் பிடி.
மூக்கு மேலே எழ
தன் பக்கம் இழுக்க வேண்டுமாம்.
இழுக்க வேண்டிய நேரத்தில் தள்ளுகிறேன்.
முதல் இரவு பதினொரு முறை செத்தேன்,
அதில் ஒன்பது
எதிரியே இல்லாத இடத்தில்.

சோத்துக்கை கதை இது.
பீச்சாங்கை கதை வேறு.

அதால் யாருக்கும் கொடுக்காதே, வாங்காதே என்று
ஒதுக்கி வைத்திருந்த கை.
பஸ்ஸில் கம்பி, குளியலறையில் மக்கு,
மீட்டிங்கில் தாடைக்கு முட்டு.
அதனிடம் போய்
முழு இன்ஜினையும் கொடுத்திருக்கிறார்கள்.
நம்பவில்லை அது.
கால்வாசி தள்ளிவிட்டு
யாராவது திட்டுகிறார்களா என்று பார்த்தது.
மூன்றாம் நாள் மொத்தமாகத் தள்ளியது.
மிதந்துகொண்டிருந்த பாறையில் போய் மோதினோம்.

அங்கே பிரேக் கிடையாது.
த்ராட்டிலைப் பூஜ்யத்துக்கு இழுத்தாலும்
போன வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.
நிற்க வேண்டுமா,
கப்பலை முதுகுகாட்டத் திருப்பி
போகிற திசையைப் பார்த்து எரி.
இது விளங்க எனக்கு எட்டு நாள்.
கோரமங்கலா சிக்னலில் தினமும் நாற்பது நிமிடம் நிற்கிறவனுக்கு
நிற்பது ஒரு வேலை என்று தோன்றியதே இல்லை.

பொத்தான்கள் மேல் வெள்ளை டேப்,
டேப்பில் ஹெப்பாரின் கையெழுத்து.
பஸ் போர்டு படித்துக் கற்ற கன்னடம் எனக்கு.
'பெங்கி', சுடுவதற்கு.
'காலு', இறங்கும்போது நீட்டுவதற்கு.
சுண்டுவிரல் அடியில் ஒன்று: 'அம்ம'.
அழுத்தினேன். கப்பல் திரும்பவில்லை,
விளக்கு எரியவில்லை.
கேட்டு எழுதினேன்.
மறுநாள் மத்தியானம் பதில்:
"மைக் ஆஃப். அம்மா ரூமுக்கு வந்தா அழுத்தணும்."
பின்னாலேயே இன்னொன்று:
"இப்ப பாப்பாவுக்கு அந்த பட்டன் வேணும்,
உங்ககிட்ட இருக்கு."

அளவு சரிபார்க்கும் திரை
கையை எடுக்கச் சொன்னது. எடுத்தேன்.
புள்ளி நடுவில் நிற்காமல்
மயிரிழை இடப்பக்கம் போய் நின்றது.
ஐந்து வருடம் வேறொரு மணிக்கட்டு சாய்ந்த சாய்வு.
நடுவில் 'செத்த இடம்' என்று ஒன்று வைக்கலாமாம்;
அதற்குள் எவ்வளவு நடுங்கினாலும்
கப்பலுக்குக் கேட்காது.
நான்கு சதவீதம் வைத்தேன்.
அப்ரைசல் அறைக்கும் ஒன்று கிடைத்தால் தேவலை.

காலையில் எச்.ஏ.எல். பக்கமிருந்து
நிஜமானது ஒன்று எழும்பும்.
ஜன்னல் கண்ணாடி அதிரும்.
பல் தேய்த்தபடி
பீச்சாங்கையால் ஒரு சல்யூட்.

பதினேழாம் இரவு
சுழலும் நிலையத்தின் வாசலில்
கீறாமல் நுழைந்தேன்.
இரண்டு கையும் எப்போது பேசிவைத்துக்கொண்டனவோ,
நான் நாளைய பால் பாக்கெட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.
காலை நீட்டினேன். மேடை தொட்டது.
கரண்ட் போனது.
இருட்டில் பிடியை விடாமல்
கொஞ்ச நேரம் இறங்காமலே இருந்தேன்.

நேற்று டொம்லூர் மேம்பாலத்தில்
ஸ்கூட்டர் ஏறவில்லை.
குனிந்து பார்த்தால்
இடதுகை ஹேண்டிலை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிறது,
வலது சும்மா பிடித்திருக்கிறது.
பின்னாலிருந்த ஆட்டோக்காரர்
கன்னடத்தில் ஒன்று சொன்னார், தமிழில் ஒன்று.
தமிழில் சொன்னது
புரியாத மாதிரி இருந்துவிட்டேன்.